ஸ்கூல் தோட்டத்துக்கு செடி வாங்கப் போறீங்களா? மூலக்கடை பக்கத்து நர்சரி பத்தி ஒரு நீளமான ரிவ்யூ

அஞ்சுக்கு நாலு ஸ்டார். போன ஒரு ஸ்டார் செடிக்காக இல்ல, செடி வெக்கற பைக்காகவும் பில்லுக்காகவும், அத கடைசில சொல்றேன். கடை பேரு போடல, குறையும் சேத்து எழுதப்போறேன், கடைக்கார பெரியவர் மனசு நோகக்கூடாது. வடசென்னைல மூலக்கடை தாண்டி உள்ள போற தெருவுல தகர ஷீட்டு போட்ட கடை, வாசல்ல பழைய பானையா அடுக்கி வெச்சிருப்பாரு, பாத்தாலே தெரிஞ்சிடும்.

பால்கனிக்கு ரெண்டு ரோஜா தொட்டி தேடறவங்க இத படிச்சு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. இது ஸ்கூல்ல, அதுவும் சின்னப் பசங்க ஸ்கூல்ல, தோட்டம் போடணும்னு கெளம்பற எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) ஆளுங்க, டீச்சருங்க, பேரண்ட்ஸ் இவங்களுக்காக.

மொதல்ல எங்க ஸ்கூல் சங்கதி கொஞ்சம், இல்லன்னா இந்த மனுஷன் செஞ்சதுல என்ன பெருசுன்னு புரியாது. தண்டையார்பேட்டை பக்கம் ஒரு கார்ப்பரேஷன் தொடக்கப்பள்ளி. பின்னாடி காம்பவுண்டு ஓரமா ஒரு பூவரச மரம் நிக்குது, யாரு வெச்சதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது, எங்க எஸ்எம்சில முன்னாள் ஸ்டூடண்டா ஒரு அண்ணன் இருக்காரு, காசிமேட்டுல வலை பின்ற வேலை, அவரு ரெண்டாவது படிக்கும்போதே அது பெரிய மரமாம். அந்த ஸ்கூல்ல படிச்ச எல்லாருக்கும் அந்த மரத்து இலைல பீப்பி ஊதத் தெரியும். காம்ப கிள்ளிப் போட்டுட்டு இலைய இறுக்கமா சுருட்டி ஒரு முனைய பல்லால லேசா நசுக்கி ஊதணும், சத்தம் வரும் பாருங்க, காது கிழியும். பெரிய புள்ளைங்க சின்னதுங்களுக்கு சொல்லிக் குடுக்கும், டீச்சர் புடுங்கிப் போடுவாங்க, அடுத்த இன்டர்வல்ல மறுபடி ஊதும். இது எந்த சிலபஸ்லயும் கெடையாது ஆனா எந்த பாடத்த விடவும் ஒழுங்கா வருஷா வருஷம் கை மாறிட்டு வருது.

அப்புறம் இன்னொரு பழக்கம், அஞ்சாவது முடிச்சு வெளிய போற பசங்க ஒண்ணா சேந்து ஒரு செடி நட்டுட்டு போகணும். பெயிண்ட் டப்பால பேட்ச் வருஷம் எழுதி வெப்பாங்க. பொங்கலுக்கு முன்னாடி வேலை நாள்ல ஸ்கூல் நடுவுல பானை வெச்சு பொங்கறது, விஜயதசமிக்கு அட்மிஷன், அரிசில அ எழுதறது, இதெல்லாம் எல்லா ஸ்கூல்லயும் இருக்கறதுதான். ஆனா செடி நடற பழக்கம் இருக்கே, அதுதான் எங்களுக்கு மானப் பிரச்சனை ஆயிடுச்சு. ஏப்ரல்ல நடுவாங்க, மே முழுக்க ஸ்கூல் லீவு, ஜூன்ல தொறந்தா டப்பால வருஷம் மட்டும் இருக்கும், செடி இருந்த எடத்துல குச்சி. பழைய பேட்ச் டப்பால பாதி காலியா வரிசையா நிக்கறத பாத்தா ஏதோ நினைவுச்சின்னம் மாதிரி இருக்கும், சிரிக்கறதா அழறதான்னு தெரியாது. இந்த தடவை எஸ்எம்சி மீட்டிங்ல ஒழுங்கா தோட்டம் போடலாம்னு முடிவாச்சு, ஸ்கூல்ல ஊட்டச்சத்து தோட்டம் வெக்கணும்னு 2019-லயே மத்திய அரசு வழிகாட்டு நெறி போட்டிருக்கு, பேப்பர்ல இருக்கறது தரைல வரணும்ல.

லிஸ்ட் எடுத்துட்டு ரெண்டு மூணு எடம் கேட்டோம். எல்லா எடத்துலயும் ஒரே கத, எத்தன செடி, எப்ப டெலிவரி, அட்வான்ஸ் எவ்ளோ. ஒரு எடத்துல "எய்ட்டீன் தௌசண்ட் பேக்கேஜ் மேடம், போர்டு ஃப்ரீ"ன்னாங்க. போர்டுல என்ன எழுதுவீங்கன்னு கேட்டதுக்கு "கிரீன் கார்னர்"னாங்க. சரி.

இந்த பெரியவர் மட்டும் லிஸ்ட்ட கைல வாங்கவே இல்ல. "தண்ணி எது?"ன்னு கேட்டாரு. போர் தண்ணின்னேன். "பாட்டில்ல புடிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டு வேற கஸ்டமர பாக்கப் போயிட்டாரு. எனக்கு கொஞ்சம் கோவம்தான், பஸ் புடிச்சு வந்திருக்கோம்ல. ஆனா அடுத்து புடிச்சிட்டு போனப்ப டிராயர்ல இருந்து பேனா சைஸ்ல டிடிஎஸ் மீட்டர், தண்ணில கரைஞ்ச உப்ப அளக்கறது, எடுத்து விட்டாரு, 2000-த்த தாண்டி ஓடுது. குடிக்கற தண்ணிக்கே 500-க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும்னு அளவு. "இத ஊத்தி ரோஜா வளக்கப் போறியா, நல்லா கீதே கத"ன்னாரு.

நம்ம ஏரியாக்காரங்களுக்கு இது புதுசில்ல. கடல் பக்கம், நெலத்தடி தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச கடல் தண்ணி உள்ள வருது, மீஞ்சூர் பக்கமெல்லாம் பல வருஷமா இதே பாடுதான். இப்ப அதே மீஞ்சூர் கிட்ட காட்டுப்பள்ளில கடல் தண்ணிய குடிநீராக்கற பிளான்ட் 2010-ல இருந்து ஓடுது, நம்ம குழாய்ல வர்ற மெட்ரோ தண்ணில அதுவும் கலந்திருக்கு. ஆனா குடிக்கற தண்ணிய செடிக்கு ஊத்தினா எச்எம் சும்மா விடுவாங்களா. அதனால உப்புத் தண்ணிக்கு தாங்கற செடி தனியா, தாங்காத செடி தனியா பிரிச்சு, தாங்காததுக்கு மட்டும் சத்துணவு கிச்சன்ல அரிசி கழுவற கழனித் தண்ணியும் கை கழுவற குழாய் தண்ணியும்னு அவரே ஒரு பழைய காலண்டர் பின்னாடி வரைஞ்சு குடுத்தாரு. கொத்தவரை உப்புக்கும் வெயிலுக்கும் அசராது, கத்திரி ஓரளவு தாங்கும், பீன்ஸ் வெக்கவே வெக்காத, உப்பு பட்டாலே சுருண்டுடும். மரம்னா பூவரசு, புங்கை, வேம்பு. கறிவேப்பிலைக்கு நல்ல தண்ணிதான், மொத வருஷம் வளரவே வளராது, புடுங்கி புடுங்கி வேர் பாக்காதீங்கன்னு புள்ளைங்களுக்கு சொல்லுன்னாரு. எப்படித்தான் தெரிஞ்சுதோ, எங்க ரெண்டாவது பசங்க அதத்தான் செஞ்சிட்டிருந்தாங்க.

தென்னை நார் கட்டி வாங்கறவங்க இத கவனிங்க. அஞ்சு கிலோ கட்டி ஒண்ணு தண்ணில போட்டா உப்பி ஒரு பெரிய டிரம் அளவுக்கு வரும், பாக்க லாபமா இருக்கும். ஆனா மட்டைலயே உப்பு இருக்கு, அலசாத நார்னா நம்ம போர் தண்ணியோட சேந்து டபுள் உப்பு. அவரு அலசின நார்தான் குடுத்தாரு, வெல கொஞ்சம் கூட, குடுத்துட்டு "நீயும் ஒரு தபா அலசிடு"ன்னும் சொன்னாரு. விக்கறவரே இத சொல்றத நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

அப்புறம் அரளி மேட்டர். எங்க லிஸ்ட்ல அரளி இருந்துச்சு, வெயில் தாங்கும், பூ பூத்துட்டே இருக்கும், சாமிக்கும் ஆகும்னு ஒரு மெம்பர் சேத்தாங்க. பெரியவர் மொகமே மாறிடுச்சு. "ஏம்மா, இலை பூ வேர் எல்லாமே வெஷம், எல்கேஜி கொயந்த வாயில வெச்சா இன்னா பண்ணுவ? கேட்டாலும் குடுக்கமாட்டேன்." அதே மாதிரி அந்த பெரிய இலைல வெள்ள புள்ளி இருக்குமே டம்ப் கேன், ஆபீஸ் வாசல்லலாம் வெப்பாங்க, அதையும் தூக்கிட்டாரு, கடிச்சா நாக்கு வீங்கிடுமாம். அதுக்கு பதிலா துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை, செம்பருத்தி. செம்பருத்தில மாவுப்பூச்சி வரும்னு முன்னாடியே சொல்லிட்டாரு, வந்துச்சு. முருங்கைக்கு மட்டும் எங்களுக்கும் அவருக்கும் வாக்குவாதம், எங்களுக்கு பெரியகுளம் பிகேஎம் ஒண்ணு ரகம் வேணும், வெத போட்டா ஆறு மாசத்துல காய் வருமே. அவரு குடுக்கறேன் ஆனா வெளயாடற எடத்துல வெக்காதேன்னாரு, கிளை சட்டுனு முறியும், பசங்க ஏறும், மழை நேரத்துல கம்பளிப்பூச்சி வேற. கடைசில கேட்டு பக்கம் வாட்ச்மேன் கண்ணுல படற மாதிரி வெச்சிருக்கோம்.

இப்ப அந்த அஞ்சாவது பேட்ச் செடி. நான் கேக்கவே இல்ல, சும்மா பேச்சுவாக்குல வருஷா வருஷம் செத்துப்போகுதுன்னு சொன்னேன். எப்ப நடறீங்கன்னாரு. ஏப்ரல்னேன். சிரிச்சாரு பாருங்க, கடைல வேலை செய்யற பையன் திரும்பிப் பாத்தான். "அக்னி நட்சத்திரத்துக்கு பந்தி வெக்கறீங்களா?"ன்னாரு. அப்புறம் சீரியஸா சொன்னாரு, விஜயதசமிக்கு வெய்யி, அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல வடகிழக்கு மழை புடிச்சிடும், மூணு மாசம் நீ தண்ணி ஊத்தவே வேணாம், வெயில் வர்றதுக்குள்ள வேர் கீழ போயிடும். நம்ம ஊருக்கு மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்னு எல்லாரும் பாடத்துல படிச்சதுதான், ஆனா செடிய அந்த கணக்குல யாரும் நடலயே.

மீட்டிங்ல இத சொன்னப்ப சண்டை. பழக்கத்த மாத்தக்கூடாதுன்னு ரெண்டு பேரு, அது ஃபேர்வெல்லோட சேந்ததுன்னு டீச்சர். கடைசில வந்த ஐடியா டீச்சரோடதுதான்: விஜயதசமிக்கு புதுசா சேர வர்ற எல்கேஜி புள்ளையும் அஞ்சாவது புள்ளையும் ஜோடியா நடட்டும், ஏப்ரல் வரைக்கும் பெருசு பாத்துக்கட்டும், போகும்போது சின்னதுகிட்ட ஒப்படைச்சிட்டு போகட்டும். ஃபேர்வெல் அன்னைக்கு நடறதுக்கு பதிலா கைமாத்தறது. எனக்கு இது பழசவிட நல்லா இருக்கு, பழசு வேணும்னு சண்டை போட்ட ரெண்டு பேருல ஒருத்தரு இன்னும் ஒத்துக்கல. டப்பால இப்ப ரெண்டு வருஷம் எழுதறாங்க, வந்த வருஷமும் போற வருஷமும்.

காய்கறிக்கும் இதே மாதிரி நாள் பாத்துக் குடுத்தாரு. ஜூலை 15 காமராஜர் பொறந்தநாள், ஸ்கூல்ல கல்வி வளர்ச்சி நாள்னு கொண்டாடுவாங்க, ரெண்டு நாள்ல ஆடி பொறந்துடும். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க. அன்னைக்கு மாலை போட்டுட்டு ஸ்வீட் குடுத்துட்டு அப்படியே பசங்கள அவரைக்காய் வெத போட வெச்சிட்டோம். நாட்டு அவரை பகல் பொழுது சுருங்கினாதான் பூக்கும், ஆடில போட்டா மார்கழி தைல காய்க்கும், அப்ப சரியா பொங்கல். மஞ்சள் கெழங்கு மட்டும் ஜூன்லயே ஸ்கூல் தொறந்ததும் பைல வெக்க சொன்னாரு, நெழல்ல, நல்ல தண்ணி ஊத்தி. பொங்கல் பானைக்கு எங்க ஸ்கூல் மஞ்சள் கொத்தையே கட்டினோம், கெழங்கு வெரல் தண்டிக்குதான் இருந்துச்சு, கடைல விக்கற கொத்து பக்கத்துல வெச்சா பாவமா இருக்கும், ஆனா பசங்க கிட்ட கேட்டுப் பாருங்க, மஞ்சள்னா இதுதான்னு சண்டைக்கு வருவாங்க. கரும்பு வாங்கினதுதான், அதெல்லாம் முடியாதுபா.

அவரைக்காய் சத்துணவுல ஒரு நாள் சாம்பார்ல போச்சு, அவ்ளோதான் வெளஞ்சுது. நாங்க ஒண்ணும் ஸ்கூலுக்கே காய் சப்ளை பண்ணிடல. நீதிக்கட்சி காலத்துல 1920-லயே நம்ம சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு ஸ்கூல்ல பசங்களுக்கு சாப்பாடு போட ஆரம்பிச்சது, பிட்டி தியாகராயர் தலைவரா இருந்தப்ப, அவரு பேர்லதான் நம்ம பழைய வண்ணாரப்பேட்டைல காலேஜே இருக்கு. அவ்ளோ பழைய சாப்பாட்டு சரித்திரத்துல ஒரு நாள் அவரைக்காய் எங்க கணக்கு. அன்னைக்கு மட்டும் அவரைக்காய ஒதுக்கி வெச்ச தட்டு ஒண்ணு கூட இல்லன்னு ஆயாம்மா சொன்னாங்க.

மே லீவுக்கு பானை. கடை வாசல்ல அடுக்கி வெச்சிருக்காருன்னு சொன்னேனே, அதுக்குதான். பூசாத மண் பானை, கழுத்து வரைக்கும் மண்ணுல பொதச்சு தண்ணி ரொப்பிட்டா சுவத்துல கசிஞ்சு கசிஞ்சு வேருக்கு போகும், செடி கேக்கற அளவுக்குதான் இழுக்கும், வாட்ச்மேன் அண்ணன் நாலு நாளைக்கு ஒரு தபா ரொப்பினா போதும். ஆனா மேல தட்டு வெச்சு மூடலன்னா கொசு முட்டை போட்டுடும், டெங்கு செக்கிங் வர்றவங்க வந்து ஸ்கூலுக்கே நோட்டீஸ் குடுப்பாங்க. தட்டையும் சேத்தே குடுத்தாரு, தட்டுக்கு காசு வாங்கல.

செடிக்கு உரமா ஊத்தற மீன் அமிலம் பாட்டில் அவரு கடைலயே இருக்கு, கேட்டேன். "காசிமேடு ஆளுங்கள கூட வெச்சிக்கினு எங்கிட்ட காசு குடுத்து வாங்கற?"ன்னு திட்டி செய்முறை சொல்லி அனுப்பிட்டாரு. மீன் கழிவும் வெல்லமும் சரிசமம், காத்து போகாத டப்பா, மூணு வாரம் கழிச்சு வடிகட்டி லிட்டருக்கு கொஞ்சம்தான் கலக்கணும். பழ வாசனை மாதிரி வந்தா ரெடி. எங்க வலைக்கார அண்ணன் செஞ்சு கொண்டாந்தாரு. வாசனை பத்தி டீச்சருங்க கருத்து வேற. ஏரியா பூனை மொத்தமும் இப்ப நம்ம ஸ்கூல் ஸ்டூடண்ட்தான்.

பூவரசு கன்னு கேட்டதுக்கு இல்லன்னாரு. கடைல இருந்துச்சு, என் கண்ணாலயே பாத்தேன். "ஒங்க ஸ்கூல்லயே மரம் வெச்சிருக்க, போத்து வெட்டி நடு"ன்னுட்டு ஒரு சனிக்கெழமை அவரே அருவாளோட வந்துட்டாரு. கை தண்டி கிளையா பாத்து வெட்டி, கீழ் முனைய சாய்வா சீவி, மேல் முனைல சாணிய உருண்டையா அப்பி விட்டாரு, காயாம இருக்குமாம். பசங்கள விட்டே சாணி அப்ப சொன்னாரு, மொதல்ல ஐய்யேன்னதுங்க அப்புறம் வரிசைல நின்னுச்சுங்க. மூணு போத்து நட்டோம், ரெண்டு துளிர் விட்டுச்சு. அந்த பழைய மரம் எந்தப் புயல்ல சாஞ்சாலும், 2023 மிக்ஜாம்ல ஒரு பெரிய கிளை போயிடுச்சு, அதே மரத்தோட வாரிசு காம்பவுண்டுக்குள்ளயே இருக்கும், அடுத்த பேட்ச் பீப்பி ஊதறதுக்கு. இதுக்கு அவரு வாங்கினது ஒரு டீ. நர்சரின்னா செடி விக்கணும், இவரு விக்கவேண்டியத விக்காம பொழப்பு எப்படி ஓடுதோ தெரியல.

சரி, குறைக்கு வர்றேன். அவரு குடுத்த குரோ பேக் தண்டம். வெளிய பச்சை உள்ள கருப்பு, பாக்க கெட்டியா இருந்துச்சு, ஒரு வெயில் பாத்ததும் தையல் ஓரமா பிஞ்சிக்கிட்டு வந்துடுச்சு, மண்ணு ஃபுல்லா தரைல. போயி காட்டினேன், பாதிக்கு மாத்திக் குடுத்தாரு, மீதிக்கு கம்பெனிகாரன்கிட்ட பேசறேன்னாரு, பேசிட்டே இருக்காரு. செடி இவர்கிட்ட வாங்குங்க, பை வேற எங்கயாச்சும் பாத்து வாங்குங்க. தோட்டக்கலைத் துறைல மானியத்துல குடுக்கற மாடித்தோட்ட கிட் பத்தி கேட்டுப் பாருங்க, 2022-23-ல 900 ரூபா கிட் 450-க்கு குடுத்தாங்க, ஆறு பை, நார்க்கட்டி, வெத, உயிர் உரம், வேப்பமருந்து எல்லாம் சேத்து, இப்ப என்ன வெலன்னு விசாரிச்சுக்கங்க.

ரெண்டாவது குறை, டெலிவரி. குட்டி யானைல ஏத்தி அனுப்பினாரு, ஏத்தின பையன் கத்திரி நாத்து மேல மண்ணு மூட்டைய போட்டுட்டான். பாதி நாத்து சட்னி. போன் பண்ணா எடுக்கல, சாயங்காலம்தான் எடுத்தாரு, மறுநாள் வேற நாத்து வந்துச்சு, அதுல குறையில்ல, ஆனா செடிய காலைல நட பசங்கள வரிசைல நிக்க வெச்சிட்டு நாங்க பட்ட பாடு இருக்கே.

மூணாவது குறை, பில். ஸ்கூல் காசுன்னா ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்கு காட்டணும், இவரு சிகரெட் அட்டைல எழுதித் தர்றாரு. சீல் இல்ல, நம்பர் இல்ல. நான் கத்தி கத்தி ஒரு பில் புக் அடிக்க வெச்சேன், இப்ப இருக்கு, ஆனா அது எந்த டிராயர்ல இருக்குன்னு அவங்க வீட்டம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதனால அவங்க இருக்கற காலை நேரத்துல போங்க, வெதை பாக்கெட்டும் அவங்ககிட்டயே கேளுங்க, தேதி பாத்துதான் குடுப்பாங்க, பெரியவர் கைக்கு வந்தத குடுத்துடுவாரு, எங்களுக்கு ஒரு வெண்டை பாக்கெட் பழசா வந்து ஒண்ணு கூட மொளைக்கல.

வெலை மத்த எடத்துக்கும் இங்கயும் பெரிய வித்தியாசம் இல்ல, நார் மட்டும் கூட. பேரம் பேசினா கோவம் வரும், ஸ்கூலுக்குன்னு சொன்னா அவரா கொறைப்பாரு. ஜீபே ஸ்கேனர் ஒட்டியிருக்கு ஆனா காசு அவரு பையன் அக்கவுண்ட்டுக்கு போறதால கேஷா குடுன்னுவாரு, சில்லறையா எடுத்துட்டு போங்க. ஞாயித்துக்கெழமை மதியத்துக்கு மேல கடை இல்ல. போகும்போது தண்ணி பாட்டில் மறந்துடாதீங்க, ஸ்கூல் போர்ல புடிச்சது, இல்லன்னா உங்களையும் திருப்பி அனுப்பிடுவாரு.